ஒன்பது பேருக்கு ஓர் அட்டவணை

ஒன்பது பேரை இரண்டிரண்டாகப் பிரித்தால் ஒருவர் மிஞ்சுவார். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அந்த ஒருவரை என்ன செய்வது என்பதற்குத்தான் வெகுநாள் எனக்கு விடை கிடைக்கவில்லை. ஆட்ட அட்டவணை போடுவதில் எனக்கு ஓரளவு பெயர் உண்டு, அதனால் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. உங்களுக்குத் தமிழ் தெரிந்திருப்பது பெரிய வசதி, இன்ஸ்பெக்டர். இதை ஹிந்தியில் சொல்லியிருந்தால் பாதிதான் உங்களிடம் வந்து சேரும்.

நீங்கள் கேட்டது ரயிலைப் பற்றி. அதற்கு வருகிறேன். எங்கள் லீக் எப்படி நடக்கிறது என்று தெரியாமல் ரயிலை மட்டும் தெரிந்துகொண்டால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. மேஜையில் டீ குடித்து வைத்த கிளாஸ்கள் கிடக்கின்றனவே, அவற்றைக் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறேன்.

மும்பையில் ஃபோர்ட் பக்கத்து அலுவலகங்களில் ஒரு காலத்தில் விளையாட்டு அறை என்று ஒன்று இருந்தது. ஒரு கேரம் பலகை, ஒரு டேபிள் டென்னிஸ் மேஜை, சுவரில் சின்ன அம்புகளை எறிந்து ஆடும் ஒரு டார்ட்ஸ் போர்டு. நான் வேலை பார்த்த இன்ஷூரன்ஸ் ஆபீஸிலும் இருந்தது. பிறகு கம்ப்யூட்டர் வந்தது, அதை வைக்க அறை வேண்டியிருந்தது, விளையாட்டு அறைகள் ஒவ்வொன்றாகப் போயின. அறை போனாலும் கை போகவில்லை. வெவ்வேறு ஆபீஸ்களிலிருந்து எட்டு டார்ட்ஸ் ஆட்டக்காரர்களும், எண் சொல்ல நானும் சேர்ந்தோம். எங்களுக்கென்று இடம் கிடையாது என்பதால் போர்டைக் கையில் எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். ஒரு ஞாயிறு மாட்டுங்காவில் ஒரு சங்கத்து ஹால், அடுத்த ஞாயிறு செம்பூர், அதற்கடுத்தது சுனாபட்டி, பிறகு முலுண்டு, டோம்பிவிலி. இப்படித்தான் டூரிங் லீக் பிறந்தது. பிறகு ஆட்கள் மாறினார்கள், எட்டு மாறவில்லை. பின்னால் மாட்டுங்கா காபித்தூள் வியாபாரி ஒருவர் ஆதரவு கொடுத்தார். ஆட்டக்காரர்களுக்கு ஊதியம் வந்தது, பேனரில் ‘தொழில்முறை’ என்று போட்டுக்கொண்டோம். ஊதியம் சிறியதுதான். ஆனால் எறிந்ததற்காக ஒருவர் கையில் காசு கொடுக்கும்போது மனிதன் நிமிர்ந்து நிற்கிறான்.

எட்டுப் பேர் என்பது எவ்வளவு அழகான எண் என்று பாருங்கள். இதோ எட்டு கிளாஸ். நான்கு மேலே, நான்கு கீழே. எதிரெதிரே இருப்பவர்கள் ஆடுகிறார்கள். அடுத்த ஞாயிறு இந்த மூலைக் கிளாஸை மட்டும் அசைக்காமல், மற்ற ஏழையும் ஓர் இடம் நகர்த்துங்கள். கடிகார முள் சுற்றுகிற மாதிரி. புதிய ஜோடிகள் கிடைத்துவிட்டன. இப்படியே ஏழு ஞாயிறு நகர்த்தினால் எல்லோரும் எல்லோருடனும் ஒரு முறை ஆடியிருப்பார்கள், ஒரே ஜோடி இரண்டு முறை வராது. நானே எத்தனையோ தடவை வெறுமனே நகர்த்திப் பார்த்து ரசித்திருக்கிறேன். முதல் நான்கு இடம் பிடிப்பவர்கள் கடைசி ஞாயிறன்று கோப்பைக்கு மோதுவார்கள்.

ஹால் எங்களுக்கு இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரைதான். ஆறுக்கு மேல் கல்யாண ரிசப்ஷனோ பஜனையோ வந்துவிடும். நான்கு ஆட்டமும் நடுவில் ஒரு டீ இடைவேளையும் அதற்குள் சரியாக அடங்கும். ஐந்து ஆட்டம் அடங்காது.

என்னுடைய வேலை அழைப்பாளர் வேலை. ஆட்டக்காரர் ஐந்நூற்று ஒன்றில் தொடங்குவார். ஒவ்வொரு முறையும் மூன்று அம்பு. விழுந்த எண்களைக் கூட்டிக் கழித்துக்கொண்டே போய், சரியாகப் பூஜ்யத்தில் முடிக்க வேண்டும். கடைசி அம்பு எண் இரட்டிப்பாகும் வெளி வளையத்தில், டபுளில், விழ வேண்டும். போர்டின் பக்கத்தில் நின்று எண்ணைச் சொல்வது நான். முடித்தவரின் பெயரோடு ‘கேம் ஷாட்’ என்று சொல்வதும் நான். அம்பு சில சமயம் கட்டங்களைப் பிரிக்கும் கம்பியைத் தொட்டுக்கொண்டு நிற்கும். உள்ளேயா வெளியேயா என்று எறிந்தவருக்கே தெரியாது. நான் குனிந்து பார்ப்பேன், அவசரப்பட மாட்டேன், பிறகு சொல்வேன். நான் சொன்னபின் யாரும் வந்து பார்ப்பதில்லை. இத்தனை வருஷத்தில் நான் ஒரு முறைகூடத் தவறாகச் சொன்னதில்லை. இதை நீங்கள் குறித்துக்கொண்டால் நல்லது.

ஒன்பதாவதாக வந்தவர் பூதத்தான். தாராவி லேபர் கேம்ப்பில் பிளாஸ்டிக் வாளி, குடம் விற்கும் கடை வைத்திருந்தார். காபித்தூள் வியாபாரிக்குத் தாராவியில் சரக்கு போக வேண்டியிருந்தது. ‘அந்தப் பக்கத்து ஆள் ஒருத்தர் ஆடட்டும்’ என்றார். பூதத்தான் திறமைசாலி, அதில் சந்தேகமில்லை. இடது செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு எறிவார். முப்பத்திரண்டு மிச்சம் வைத்து டபுள் பதினாறில் முடிப்பது அவருக்குப் பிடிக்கும். “தப்பி உள்ள விழுந்தாலும் பதினாறு மிஞ்சும், அதுக்கு டபுள் எட்டு இருக்கு. அதும் தப்புனா டபுள் நாலு. வழி மூடாத நம்பர் சார்வாள் இது” என்பார். என்னை அவர் சார்வாள் என்றுதான் கூப்பிடுவார். கேலியா மரியாதையா என்று கடைசிவரை தெரியவில்லை.

ஒன்பது பேர் ஆனதும் வாரம் ஒருவர் சும்மா உட்கார வேண்டி வந்தது. அட்டவணையில் இதைச் செய்வது சுலபம். பத்தாவது இடம் ஒன்றைக் காலியாக வைத்து, அதற்கு எதிரே யார் வருகிறாரோ அவருக்கு அன்று ஓய்வு. ஆனால் ஓய்வு என்பது காகிதத்தில்தான் ஓய்வு. டார்ட்ஸ் கை என்பது அடுப்பு மாதிரி, அணைந்தால் மறுபடி மூட்ட நேரமாகும். ஓய்வெடுத்தவர் எல்லாரும் அடுத்த வாரம் தோற்றார்கள். முணுமுணுப்பு ஆரம்பித்தது. ஓய்வில் இருப்பவருக்கு ஏதாவது வேலை கொடுக்கலாம் என்று பேச்சு வந்தபோது பூதத்தான்தான் சொன்னார்: “சும்மா இருக்கவன் சொமக்கட்டும் சார்வாள்.” எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து போர்டை ஹாலிலிருந்து அடுத்த இடத்துக்குக் கொண்டுபோவது ஓய்வில் இருப்பவர் பொறுப்பு என்று ஆனது. போர்டு என் பாதுகாப்பில் இருக்கும் பொருள் என்பதால் நானும் கூடப் போவேன். மரப்பெட்டியோடு அது கனமாகத்தான் இருக்கும். தோளில் வைத்தால் அந்தப் பக்கம் ஒன்றும் தெரியாது.

இந்த நிலையில் காசிராஜன் ஒரு யோசனை சொன்னார். அவர் செம்பூரில் குழாய் சாமான் கடை வைத்திருப்பவர், நல்ல ஆட்டக்காரர். “எதுக்கு இந்த அலைச்சல்? செம்பூர்ல ஒரு ஹால் பர்மனென்ட்டா கெடைக்கி. ரெண்டு போர்டு மாட்டிப்புடலாம். பத்து பேரு, பன்னெண்டு பேரு, எத்தன பேருன்னாலும் ஆடலாம். ஒருத்தரும் சும்மா இருக்க வேண்டாம்.”

ஷ்ருதி, எங்கள் ஆட்டக்காரர்களில் இளையவள், உடனே ஃபோனை எடுத்தாள். “ஸ்கோருக்கு ஆப் இருக்கு அங்கிள். கேமரா வச்சா அதுவே பாத்துச் சொல்லிடும். நீங்க பிந்தாஸா, டென்ஷனே இல்லாம உக்காந்து மேட்ச் பாக்கலாம்.”

நல்ல பெண். அதில் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. என் கவலை லீக்கைப் பற்றியது. ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டால் அது டூரிங் லீக் அல்ல, இன்னொரு விளையாட்டு அறை. அறைகளுக்கு என்ன ஆகும் என்று நான் பார்த்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு வாக்கெடுப்பு என்று முடிவாயிற்று. எல்லோரும் காசிராஜன் பக்கம் இருந்தார்கள், பூதத்தானைத் தவிர. “எடம் மாறி எறியுததுதான் சார்வாள் ஆட்டம்” என்றார் என்னிடம். எனக்கு ஆதரவாகப் பேசியவர் அவர் ஒருவர்தான் என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை.

வாக்கெடுப்புக்கு முன்னால் எனக்கு ஒன்பதுக்கு ஓர் அட்டவணை வேண்டும். இல்லாவிட்டால் எட்டு வேண்டும்.

யோசனை வந்த அதே ஞாயிறு, சுனாபட்டியில் ஆட்டம். அட்டவணைப்படி காலி இடத்துக்கு எதிரே வந்தவர் பூதத்தான். நான் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. இதைப் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். வேறொருவர் வந்திருந்தால் வேறொருவர்தான். வட்டம் அப்படித்தான் சுற்றியது.

ஆட்டம் முடிந்து நானும் அவரும் போர்டோடு புறப்பட்டோம். ஷ்ருதி கொஞ்சம் பின்னால் ஃபோனில் பேசிக்கொண்டு வந்தாள். ரயில்வே கேட் மூடியிருந்தது. மூடியிருந்தால் ஜனங்கள் குனிந்து போவது உங்களுக்குத் தெரியும், நானும் அப்படித்தான் முன்னால் போனேன். ஒரு வண்டி இடப் பக்கத்திலிருந்து வந்து கடந்துகொண்டிருந்தது. அது போகும்வரை நின்று, அதன் வால் தாண்டியதும் நான் அந்தப் பக்கம் போய்விட்டேன். பூதத்தான் இன்னும் இந்தப் பக்கம். பெட்டி அவருடைய வலது தோளில் இருந்தது. போன வண்டியின் இரைச்சல் இன்னும் அடங்கவில்லை.

“சார்வாள், லைன் கிளியரா?” என்று கத்தினார்.

நான் பார்த்தேன். அவருடைய வலப் பக்கத்தில் இரண்டாவது வண்டி வந்துகொண்டிருந்தது. அவருக்கு அது தெரிய வழியில்லை. கம்பியைத் தொட்டு நிற்கும் அம்பைப் பார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்தேன். தூரம், வேகம், அவருடைய நடை. பிறகு ஆட்டத்தில் எண் சொல்லும் அதே குரலில் சொன்னேன்: “கிளியர்.”

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் சொன்னபின் யாரும் வந்து பார்ப்பதில்லை என்று சொன்னேனே.

உங்கள் ஆட்கள் அதை விபத்து என்று எழுதினார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். பெட்டி சிதறிவிட்டது, போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது கற்றாழை நாரால் செய்தது. நாரைக் கற்றை கற்றையாக நெருக்கி அழுத்தியிருப்பார்கள். அம்பு நாரை வெட்டுவதில்லை, விலக்குகிறது. பிடுங்கியதும் நார் தானே சேர்ந்துகொள்ளும். நல்ல போர்டில் தடம் தங்காது.

ஷ்ருதி என் குரலைக் கேட்டிருந்தாள். நான் ‘கிளியர்’ என்றது அவள் காதில் விழுந்திருந்தது. எல்லோரிடமும் சொன்னாள், என்மேல் பரிதாபப்பட்டுத்தான் சொன்னாள். “அங்கிள், ப்ளீஸ், உங்களையே பிளேம் பண்ணிக்காதீங்க. யாருக்கு வேணா மிஸ்டேக் வரும். ரெண்டாவது டிரெய்ன நீங்க பாக்கல, அவ்ளோதான்.” காசிராஜன் என் கையைப் பிடித்துக்கொண்டார். “வயசாகுதுல்லா சார். கண்ணு முன்ன மாதிரியா இருக்கும்?”

அந்த வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. என் கண்ணுக்கு ஒன்றுமில்லை.

வாக்கெடுப்பு நடக்கவில்லை. “பூதத்தான் சொமந்த போர்டு, அது நிக்கப்பிடாது” என்று காசிராஜனே சொல்லிவிட்டார். லீக் தொடர்ந்தது. அந்தச் சுனாபட்டி ஞாயிறு இரவே நான் எட்டுப் பேருக்கான அட்டவணையைப் போட்டு வைத்திருந்தேன். ஒரு பிசிறு இல்லை.

மாட்டுங்கா ஹாலுக்கு அடுத்த முறை நாங்கள் போனபோது பூதத்தானின் மனைவி உமாமகேஸ்வரி வந்து வாசலில் நின்றார். அழவில்லை. கணவருடைய அம்புகள் இருந்த சின்னப் பையைக் கையில் வைத்திருந்தார்.

“அவுக பேர எடுத்துராதீங்க” என்றார். “இந்த வருசம் முடியுத வரைக்கும் அவுக பேரும் சுத்துல இருக்கட்டும். அப்புறம், நானும் எறியுதேன். கடைக்குப் பின்னாடி செவுத்துல போர்டு மாட்டி எனக்கும் சொல்லிக் குடுத்துருக்காக. நல்லாருந்தா சேத்துக்கிடுங்க, இல்லன்னா வேண்டாம்.”

எறிந்து காட்டினார். இடது செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு எறிந்தார். எல்லோரும் ஒரே குரலில் சரி என்றார்கள். ஒருவரைக் குறைத்தேன், ஒரு பெயரும் ஓர் ஆளுமாகத் திரும்பி வந்தது. உயிரோடு ஒன்பது பேர், அட்டவணையில் பத்துப் பெயர், ஐந்து ஆட்டம். ஹால் நேரத்தில் ஐந்து ஆட்டம் அடங்காது என்று உங்களுக்கு முன்பே சொன்னேன். அதனால் பூதத்தானின் ஆட்டத்தை டீ இடைவேளையில் போட்டேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை.

அது நடக்கும் முறை இது. அவருக்கு எதிரே வருபவர் தன் மூன்று அம்பை எறிவார், நான் எண் சொல்வேன். பிறகு பூதத்தானின் முறை. மூன்று அம்பு எறிய ஆகும் நேரம் நான் போர்டின் பக்கத்தில் மௌனமாக நிற்பேன். மற்றவர்கள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருப்பார்கள். பிறகு “உங்கள் முறை” என்பேன். அவ்வளவுதான்.

முலுண்டில், காசிராஜன் எதிரே ஆடியபோது, அந்த மௌனத்தில் முதன்முதலாகக் கேட்டது. டக். சற்று இடைவெளி. டக். டக். நாரில் அம்பு இறங்கும் சத்தம் எனக்குத் தெரியாததல்ல. போர்டில் ஒன்றுமில்லை. ஆனால் குனிந்து பார்த்தபோது இருபதாம் கட்டத்தில் நார் அப்போதுதான் சேர்ந்துகொண்டிருந்தது. சுவாசத்தை வெளியே விடுவதுபோல மெல்ல. அறுபது. அந்த எண் என் வாயில் வந்து நின்றது. விழுங்கிவிட்டு “உங்கள் முறை” என்றேன்.

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் கேட்டது. நான் எண்ண விரும்பவில்லை. ஆனால் எண்ணாமல் இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது. உயிரோடு இருந்தபோது ஆடியதைவிட நன்றாக ஆடினார். எல்லோரையும் ஜெயித்துக்கொண்டு வந்தார், அது எனக்கு மட்டும்தான் தெரியும். ஆடுகிறவர்களில் ஒருவருடைய எண் மட்டும் சொல்லப்படாமல் போகிறதே என்பது எனக்குத் தொந்தரவாக இருந்தது. போர்டை இப்போது நான்தான் சுமக்கிறேன். யாரும் சும்மா இல்லையே. தோளில் இருக்கும்போது பெட்டிக்குள்ளிருந்தும் கேட்கும்.

போன ஞாயிறு மறுபடியும் சுனாபட்டி. வட்டம் சுற்றி, டீ இடைவேளையில் பூதத்தானுக்கு எதிரே வந்தவர் உமாமகேஸ்வரி.

அவர் நிதானமாக ஆடினார். அவருக்கு நாற்பது மிச்சம். பூதத்தானுக்கு முப்பத்திரண்டு. நான் போர்டின் பக்கத்தில் நின்றேன். வெளியே வண்டி ஒன்று கடந்து போயிற்று, அதன் இரைச்சல் அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று. டக். முதல் அம்பு கம்பிக்கு வெளியே. டக். இரண்டாவதும் வெளியே. மூன்றாவது விழுந்தபோது குனிந்து பார்த்தேன். அவசரப்படவில்லை. உள்ளே.

“கேம் ஷாட், பூதத்தான்” என்றேன்.

சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. யார் கையிலிருந்தோ கிளாஸ் விழுந்தது. ஷ்ருதி, “அங்கிள், உக்காருங்க, தண்ணி கொண்டு வரேன்” என்றாள்.

உமாமகேஸ்வரி பக்கத்தில் வந்தார். போர்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“அவுக ஜெயிச்சாகளா?”

“ஆமாம்.”

“நீங்க பாத்தீங்களா?”

“பார்க்காமல் நான் சொல்வதில்லை.”

“அன்னைக்கும் பாத்துத்தான் சொன்னீங்களா?”

அந்தக் கேள்வியை இத்தனை நாளில் ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் எனக்குக் கண் தெரியவில்லை என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள். என்னிடம் அன்பாக இருந்தார்கள். ஒரு தவறான அழைப்பு என் பெயரில் நிற்கிறது என்பதை நினைத்தால் எனக்கு உடம்பு கூசும். அந்த அம்மாள் ஒருவர்தான் என் வேலையை மதித்துக் கேட்டார்.

“ஆமாம்” என்றேன். “பார்த்துத்தான் சொன்னேன். வண்டி வந்துகொண்டிருந்தது. நான் தவறாகப் பார்க்கவில்லை.”

அவர் நாற்பது மிச்சத்தோடு ஆட்டத்தை விட்டு, அம்புகளைப் பையில் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நேரே இங்கே வந்திருக்கிறார். அவர் சொன்னதெல்லாம் உண்மை. பூதத்தானை ரயிலின் முன்னால் நடக்க வைத்தது நான். தெரிந்து செய்தேன். லீக்குக்காகச் செய்தேன். எழுதும்போது ‘கவனக்குறைவு’ என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள், அது என்னைப் பற்றிச் சரியான சொல் அல்ல.

இப்போது அந்தக் கணக்கு. நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிட வேண்டும், அடுத்த ஞாயிறு நான் அங்கே இருக்கமாட்டேன். நேற்று உங்கள் லாக்கப்பில் உட்கார்ந்து யோசித்தபோது ஒன்று கவனத்துக்கு வந்தது. இந்த டீ இடைவேளை ஆட்டம் தொடங்கியபின் யாருக்கும் கை அணையவில்லை. அடுத்த வாரம் யாரும் ஓய்வினால் தோற்கவில்லை. ஒருவர் மட்டுமே எறிவதால், அம்பு பிடுங்கிக் கணக்குப் பார்க்கும் நேரம் பாதியாகி ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிடுகிறது, டீ ஆறுவதற்குள் அடங்கிவிடுகிறது. ஒன்பது பேரும் எல்லா ஞாயிறும் எறிகிறார்கள். ஹால் ஆறு மணிக்குச் சரியாகக் காலியாகிறது. நான் தேடியது இதைத்தான்.

ஷ்ருதியிடம் சொல்லுங்கள். தமிழ் அவளுக்கு வாசிக்க வராது, கிளாஸ் வைத்துக் காட்டினால் புரிந்துகொள்வாள். இதோ ஒன்பது கிளாஸ். பத்தாவதாக டீயே ஊற்றாத இந்த வெறும் கிளாஸை இந்த மூலையில் வைத்து, அதை அசைக்காதீர்கள். மற்ற ஒன்பதையும் வாரம் ஓர் இடம் நகர்த்துங்கள். அதற்கு எதிரே வருபவர் அன்று டீ இடைவேளையில் தனியாக எறியட்டும். பத்தாவது இடத்துக்கு யாரும் வேண்டியதில்லை, யார் பெயரும்கூட வேண்டியதில்லை. அது காலியாக இருந்தால் போதும்.